கேப்பிட்டல் அரங்கும் ‘விகதகுமாரன்’ படமும்: மௌனப்படத்தின் மொழி குறித்த ஒரு வரலாற்றாய்வு

0. முன்னுரை

திரைப்பட வரலாறு பெரும்பாலும் மொழிவாரியாகவே எழுதப்படுகிறது. ‘முதல் தமிழ்ப்படம்’, ‘முதல் மலையாளப்படம்’, ‘முதல் தெலுங்குப்படம்’ என்னும் தொடர்கள் இவ்வரலாற்றின் தலைப்புகளாக அமைகின்றன. பேசும் படத்தைப் பொறுத்தவரை இவ்வகைப்பாடு இயல்பானது. ஆனால், ஒலியற்ற படத்திற்கு மொழி உண்டா, உண்டெனில் அம்மொழியை அதற்கு அளித்தவர் யார் என்னும் வினாக்கள் போதிய அளவு ஆராயப்படவில்லை.

திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கின் வரலாறு இவ்வினாக்களுக்கு விடைகாண உதவும் ஒரு சான்றாகும். மலையாளத்தின் முதல் படம் எனப்படும் ‘விகதகுமாரன்’ முதன்முதலாகத் திரையிடப்பட்டது அங்கேதான். அப்படத்தை உருவாக்கிய ஜே. சி. டேனியல், நெய்யாற்றின்கரைக்கும் அகத்தீசுவரத்திற்கும் இடைப்பட்ட தமிழ் - மலையாள எல்லைப்புறத்தின் வழிவந்தவர். மௌனப்படத்தின் மொழி அப்படச்சுருளில் மட்டும் அமைவதன்று; அரங்கும், அரங்கில் நின்று பேசிய விளக்குநரும், பின்னர் வரையப்பட்ட மாநில எல்லையும் சேர்ந்து அதனை உறுதிசெய்தன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. களம்

நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரத்திற்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் நெய்யாற்றின் கரையில் அமைந்த ஊர். அதற்கும் தெற்கே பாறசாலை. அதனை அடுத்து, இன்று தமிழ்நாட்டு எல்லையில் உள்ள களியக்காவிளை. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலை இவ்வூர்களின் வழியே செல்கிறது. திருவிதாங்கூர் சமஸ்தானக் காலத்தில் இவை அனைத்தும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தன. வணிகம், திருச்சபை, திருமண உறவு, கல்வி ஆகிய அனைத்தும் இச்சாலை வழியே இருமொழிகளிலும் நடைபெற்றன.

இப்பகுதியின் பேச்சுமொழியில் தமிழும் மலையாளமும் ஒன்றில் ஒன்று கலந்து வழங்குவதை மொழியியலார் நன்கறிவர். நீரைக் குறிக்க ‘வெள்ளம்’ என்பதும், சொல்லுதலைக் குறிக்கப் ‘பறைதல்’ என்பதும் விளவங்கோடு வட்டத் தமிழிலும் வழங்குகின்றன. இவற்றுள் ‘பறைதல்’ பழந்தமிழிலும் இடம்பெற்ற வினை. எனவே இத்தகைய சொற்களை ‘மலையாளக் கலப்பு’ என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. இருமொழிகளின் பொது மரபில் தங்கிய சொற்களும், அண்மைத் தொடர்பால் வந்த சொற்களும் இங்கு அருகருகே வாழ்கின்றன.

நிகழ்கலையிலும் இந்நிலையைக் காணலாம். தென்கேரளத்தில், குறிப்பாகத் திருவனந்தபுரம் வட்டாரத்தில், ஆடப்பட்டுவரும் காக்காரிசி நாடகம் தமிழும் மலையாளமும் விரவிய உரையாடலையும் பாடல்களையும் கொண்டது. காக்கான், காக்காத்தி, தம்புரான் முதலிய பாத்திரங்கள் இதில் தோன்றுகின்றன. ஒரே மேடையில் இருமொழிகளையும் கேட்டு நகைத்துப் பழகிய பார்வையாளரே, பின்னர்த் திரைப்படம் வந்தபோது அதன் முன்னும் அமர்ந்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

2. நகரும் படக்காட்சியும் நிலையான அரங்கும்

தென்னிந்தியாவில் படக்காட்சி முதலில் ஊர் ஊராகச் சென்ற கலை. திருச்சிராப்பள்ளியில் இரயில்வேயில் வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ஆம் ஆண்டில் துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் சுருள்களையும் வாங்கி ஊர்தோறும் காட்டினார். 1914ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் ‘வெரைட்டி ஹால்’ என்னும் நிலையான அரங்கை அவர் எழுப்பினார். திருச்சூரைச் சேர்ந்த காட்டூக்காரன் வாறுண்ணி ஜோசப், வின்சென்டிடமிருந்து கருவி பெற்றுக் கேரளப் பகுதிகளில் படக்காட்சி நடத்தத் தொடங்கினார் என்பர். கருவியும் தொழிலும் தமிழ்ப்பகுதியிலிருந்து மலையாளப் பகுதிக்குச் சென்ற இத்தடத்தில் சொற்களும் உடன் சென்றன.

‘கொட்டகை’ என்னும் சொல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சாய்ந்த கூரையுடைய பந்தலையும் மாட்டுத் தொழுவத்தையும் குறித்த இச்சொல், ‘கொட்டில்’, ‘கொட்டம்’ ஆகியவற்றோடு உறவுடையது. வடமொழியின் ‘கோஷ்ட’ என்பதன் தாக்கமும் இதில் உண்டு என அகராதியியலார் கருதுவர். நாடகமும் பின்னர்ப் படமும் ஓலைப்பந்தலின்கீழ் நடைபெற்றமையால் ‘நாடகக் கொட்டகை’, ‘சினிமாக் கொட்டகை’ என்னும் தொடர்கள் தமிழில் வேரூன்றின. மலையாளத்திலும் ‘கொட்டக’ என ஐகாரம் அகரமாகி, ‘சினிமாக்கொட்டக’, ‘ஓலக்கொட்டக’ என வழங்குகின்றது. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிடம் எழுந்த பின்னரும் இருமொழியினரும் அதனைக் கொட்டகை என்றே அழைத்தனர். பொருள் மாறியும் பெயர் மாறவில்லை.

படம் பற்றிய வினைச்சொற்களிலும் ஒற்றுமை வேற்றுமைகள் உள்ளன. ‘படம் எடு’, ‘படம் பிடி’, ‘படம் ஓடு’ ஆகியவை இருமொழிக்கும் பொது. ஆனால், தமிழர் படம் ‘பார்க்கின்றனர்’, மலையாளிகள் ‘காணுகின்றனர்’. தமிழில் ஒரு நாளின் காட்சிகள் ‘முதல் ஆட்டம்’, ‘இரண்டாம் ஆட்டம்’ எனப்படும். மலையாளத்தில் ஓர் அரங்கில் படம் ‘களிக்குன்னு’ என்பர். ஆட்டம், களி ஆகிய இரண்டும் கூத்து மரபிலிருந்து வந்தவை. எந்திரத்தின் வழியே வந்த புதுக்கலையை இருமொழிகளும் தத்தம் பழைய கூத்துச் சொல்லாலேயே உள்வாங்கிக்கொண்டன என்பதனை இது காட்டும்.

3. கேப்பிட்டல் அரங்கில் ‘விகதகுமாரன்’

3.1 படமும் பெயரும்

ஜோசப் செல்லையா டேனியல் திருவிதாங்கூரின் வசதி படைத்த கிறித்தவ நாடார் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1920களின் பிற்பகுதியில் திருவனந்தபுரம் பட்டம் பகுதியில் ‘திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்ப நிலத்தை விற்றுப் பெற்ற பணமே அதன் முதலீடு. படத்தின் கதை, இயக்கம், தயாரிப்பு ஆகியவற்றோடு கதைத்தலைவன் வேடத்தையும் அவரே ஏற்றார்.

அக்காலத்தில் இந்தியாவில் உருவான மௌனப்படங்களுள் பெரும்பகுதி புராண, இதிகாசக் கதைகளைச் சார்ந்தவை. ‘விகதகுமாரன்’ சமூகக் கதையை எடுத்துக்கொண்டது. திருவிதாங்கூரின் செல்வக்குடியில் பிறந்த சந்திரகுமார் என்னும் சிறுவன் பூதநாதன் என்பவனால் இலங்கைக்குக் கடத்தப்படுகிறான். அங்குத் தோட்டம் ஒன்றில் தொழிலாளியாக வளர்கிறான். பின்னர் ஊர் திரும்பி, உடலிலுள்ள தழும்பால் அடையாளம் காணப்படுகிறான். தென்திருவிதாங்கூர், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு மக்கள் பெயர்ந்து சென்ற காலம் அது. எனவே இக்கதைக்களம் எல்லைப்புற மக்களுக்கு அயலானதன்று.

படத்தின் பெயரும் நோக்கத்தக்கது. ‘விகத’ என்பது வடமொழியில் ‘நீங்கிய, இழந்த’ என்று பொருள்படும் பெயரெச்சம். ‘விகதகுமாரன்’ என்பது ‘காணாமற்போன மகன்’ எனப் பொருள்தரும். இவ்வகை வடமொழித் தொடராக்கம் மலையாள எழுத்து வழக்கிற்கு இயல்பானது. தமிழ் வாசகர்க்கு அத்துணை எளிதன்று. மலையாள எழுத்தில் ககரத்தின் ஒலிப்புடை வடிவம் தனி எழுத்தால் குறிக்கப்படும். தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு தோன்றுவதில்லை. மேலும், ‘விகடம்’ என்னும் சொல்லின் வடிவ அண்மை தமிழ் வாசகரை நகைச்சுவைப் படம் என மயங்கச் செய்யவும் கூடும். படப்பெயரைப் பெயர்க்காது ஒலிபெயர்க்கும்போது நேரும் இடர்ப்பாட்டிற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டாகும்.

3.2 முதல் காட்சி

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் அரங்கில் திரையிடப்பட்டது. அக்காலத்தின் புகழ்பெற்ற வழக்கறிஞர் மள்ளூர் கோவிந்தப்பிள்ளை தொடங்கிவைத்தார். திரையிடப்பட்ட நாள் 1928 நவம்பர் 7 என நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பின்வந்த ஆய்வாளர்கள் அதனை 1930 அக்டோபர் 23 எனத் திருத்தியுள்ளனர். இரண்டாண்டு வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஆயினும், 1931 மார்ச்சில் ‘ஆலம் ஆரா’ வெளிவந்து இந்தியத் திரை பேசத் தொடங்கிவிட்டது. பின்னைய நாளை ஏற்றால், கேரளத்தின் முதல் படம் மௌனப்படக் காலத்தின் அந்திப்பொழுதிலேயே அரங்கேறியது என்றாகிறது. அப்படத்திற்குச் சந்தை குறுகியதற்குச் சமூகக் காரணத்தோடு இத்தொழில்நுட்ப மாற்றமும் துணைநின்றிருத்தல் கூடும்.

3.3 ரோசி

கதைத்தலைவி சரோஜினியாக நடித்தவர் பி. கே. ரோசி. தலித் சமூகத்தைச் சேர்ந்த அவர், மேற்கூறிய காக்காரிசி நாடகத்தில் நடித்துப் பயின்றவர். ஆடவரே பெண்வேடம் ஏற்ற மரபில் பெண் ஒருவர் மேடையேறியதே துணிவான செயல். திரையில் அவர் ஏற்றது நாயர் குலப்பெண் வேடம். ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண் உயர்குலப் பெண்ணாகத் தோன்றியதைப் பொறாத கூட்டத்தினர் அரங்கில் கூச்சலிட்டுத் திரைமீது கல்லெறிந்தனர் என்றும், பின்னர் ரோசியின் குடிசைக்குத் தீயிட்டனர் என்றும் அந்நிகழ்ச்சி பற்றிய பதிவுகள் கூறுகின்றன. அவர் திருவனந்தபுரத்தை விட்டு வெளியேறி, சரக்குந்து ஓட்டுநர் ஒருவரை மணந்து, தமிழ்ப்பகுதியில் இராஜம்மாள் என்னும் பெயரில் எஞ்சிய வாழ்நாளைக் கழித்தார்.

பெயரியல் நோக்கில் இம்மாற்றம் பொருள் பொதிந்தது. ‘ரோசி’ கிறித்தவச் சார்பையும் திரைத்தொழிலையும் சுட்டிய பெயர். ‘-அம்மாள்’ ஈறு பெற்ற ‘இராஜம்மாள்’ தமிழ்க்குடும்பப் பெண் எவருக்கும் உரிய பொதுப்பெயர். இப்பெயரின்கீழ் அவருடைய குலமும் கலைவாழ்வும் ஒருங்கே மறைந்தன. பெயர் அடையாளத்தை வெளிப்படுத்தும் என்பது பொதுவிதி. இங்கு அதனை மறைத்து உயிரைக் காத்தது.

4. மௌனப்படத்திற்கு மொழி தந்தவர்

மௌனப்படக் காலத்தில் காட்சிகளுக்கு இடையே எழுத்துப் பலகைகள் தோன்றும். எழுத்தறிவு குறைந்த அரங்குகளில் அவை மட்டும் போதா. எனவே திரையருகே ஒருவர் நின்று கதையை எடுத்துரைப்பார், பலகைகளை உரக்கப் படிப்பார், பாத்திரங்களுக்காகப் பேசுவார். சப்பானில் இவ்விளக்குநர் ‘பென்ஷி’ எனப்பட்டனர்; நடிகர்க்கு நிகரான புகழும் பெற்றனர். தென்னிந்திய அரங்குகளிலும் விளக்குநர் வழக்கம் இருந்தது. தோற்பாவைக்கூத்து, வில்லுப்பாட்டு, கதாகாலட்சேபம் ஆகியவற்றில் உருவத்தையும் நிகழ்ச்சியையும் ஒருவர் குரலால் விளக்கக் கேட்டுப் பழகிய மக்களுக்கு இது புதிதன்று.

‘விகதகுமாரன்’ காட்சிகளிலும் விளக்குநர் இருந்தார். ஆலப்புழை ஸ்டார் அரங்கில் படம் ஓடுகையில் திரை மங்கியதாகவும், பார்வையாளர் கூச்சலிட்டதாகவும், இது மலையாளத்தின் முதல் படமாதலின் சிறு குறைகள் நேரலாம் என்று விளக்குநர் கூறக் கூட்டத்தினர் கைதட்டி ஏற்றுக்கொண்டதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது. படத்தின் ஒரே படியை டேனியலே கொண்டுசென்றார் என்றும் கூறுவர்.

இச்செய்தி மொழியியலார்க்கு முதன்மையானது. ஒலியில்லாத அப்படத்தை ‘மலையாளப்படம்’ என்று மக்கள்முன் அறிவித்தது அரங்கில் எழுந்த ஒரு குரல். அதே படம் கொல்லம், திருச்சூர், தலைச்சேரி ஆகிய ஊர்களோடு நாகர்கோவிலிலும் திரையிடப்பட்டது. நாகர்கோவில் தமிழ் வழங்கும் ஊர். படம் ஒன்றே, கேட்கும் மக்களின் மொழியோ ஊருக்கு ஊர் வேறு. விளக்குநரின் பணி இவ்வகையில் மொழிபெயர்ப்பாளரின் பணியாகும். மூலம் மௌனமாக இருக்க, இலக்குமொழி மட்டுமே ஒலித்த மொழிபெயர்ப்பு அது. ஒவ்வொரு காட்சியிலும் புதிதாகப் பிறந்து, காட்சி முடிந்ததும் மறைந்த பனுவல் அது. படச்சுருள் அழிந்ததனால் ‘விகதகுமாரன்’ இழப்பாயிற்று என்கிறோம். சுருள் கிடைத்திருப்பினும் அதன் இப்பகுதி மீளாது.

எழுத்துப் பலகையின் மொழியை அறிய, அடுத்த படமான ‘மார்த்தாண்டவர்மா’ துணைசெய்கிறது. சி. வி. ராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட புதினத்தைத் தழுவி, டேனியலின் உறவினர் ஆர். சுந்தரராஜ் தயாரிப்பில், பி. வி. ராவ் இயக்கத்தில் 1933இல் உருவான இப்படமும் கேப்பிட்டல் அரங்கிலேயே வெளியாயிற்று. இதன் பலகைகள் ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் அமைந்தவை. சில, புதினத்தின் தொடர்களையே கொண்டவை. புதினத்தின் பதிப்புரிமை பெற்றிருந்த கமலாலயா புத்தக நிலையத்தார் வழக்குத் தொடுத்ததனால் படம் நிறுத்தப்பட்டது. படச்சுருள் அவர்கள் வசமாகிப் பின்னர்த் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அடைந்தது. இலக்கியத்தைத் திரைக்குப் பெயர்ப்பதில் உரிமை யாருக்குரியது என்னும் வினாவை நீதிமன்றத்திற்குக் கொண்டுசென்ற முன்னோடி வழக்குகளுள் இஃது ஒன்று. தடையே பாதுகாப்பாகி ஒரு மௌனப்படம் எஞ்சியது. தடையின்றி ஊர்தோறும் ஓடிய மற்றொன்று அழிந்தது.

5. பேசும் படமும் மொழிப்பிரிவும்

பேசும் படம் வந்தவுடன் மொழிகள் தெளிவாகப் பிரிந்துவிடவில்லை. 1931 அக்டோபரில் வெளியான ‘காளிதாஸ்’ முதல் தமிழ்ப் பேசும் படம் எனப்படினும், அதில் தமிழோடு தெலுங்கும் ஒலித்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’, 1938இல் வெளிவந்தது. அதனைத் தயாரித்தது டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ். 1947இல் ஆலப்புழையில் உதயா படப்பிடிப்பு நிலையம் அமையும் வரை மலையாளப் படங்கள் தமிழ்நாட்டு நிலையங்களையே சார்ந்திருந்தன. பின்னர்த் திருவனந்தபுரத்தில் மெரிலாண்ட் நிலையத்தை நிறுவிய பி. சுப்பிரமணியமும் நாகர்கோவிலில் பிறந்தவரே. ‘விகதகுமாரன்’ படத்தில் எதிர்த்தலைவனாக நடித்த ஜான்சனின் மகள் பி. எஸ். சரோஜா, தமிழ்ப்படங்களிலும் 1951இல் வெளியான ‘ஜீவித நௌகா’ என்னும் மலையாளப் படத்திலும் தலைவியாக நடித்தார். மொழியடிப்படையில் தனித்தனியே எழுதப்படும் இரு திரை வரலாறுகளும் ஒரே நெடுஞ்சாலையைப் பயன்படுத்தின என்பதற்கு இவை சான்றுகள்.

விளக்குநர்க்கு இக்காலத்தில் இடமில்லாது போயிற்று. ‘டாக்கீஸ்’ என்னும் சொல் இருமொழிகளிலும் அரங்குகளின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பேச்சு அரங்கிலிருந்து சுருளுக்கு மாறியதன் அடையாளமாகவே அப்பெயரைக் கொள்ளலாம். ஓர் ஊரில் கேட்ட சொல்லையே மற்ற ஊரிலும் கேட்கவேண்டிய நிலை அப்போதுதான் தோன்றியது.

6. எல்லைக்கோடும் உரிமையும்

திருவிதாங்கூர்த் தமிழ்நாட்டு காங்கிரசு, தமிழர் மிகுதியாக வாழும் வட்டங்களைத் தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டுமெனப் போராடியது. அக்கோரிக்கையில் நெய்யாற்றின்கரையும் இடம்பெற்றிருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் பாறசாலையோடு கேரளத்தில் நின்றது.

டேனியலின் பிறப்பிடத்தை நெய்யாற்றின்கரை என்று எழுதுவோரும் உளர். அகத்தீசுவரம் என்று எழுதுவோரும் உளர். படம் எடுக்கப்பட்ட காலத்தில் இவ்வேறுபாட்டிற்குப் பொருளில்லை, இரண்டும் திருவிதாங்கூரே. 1956க்குப் பின் அது ஒருவரை மலையாளி என்றோ தமிழர் என்றோ வகுக்கும் கோடாயிற்று. கடனால் நிறுவனத்தை இழந்த டேனியல், பல்மருத்துவம் பயின்று தமிழ்ப்பகுதியில் தொழில் நடத்தினார். முதுமையில் வறுமையுற்றபோது கலைஞர்க்குரிய உதவித்தொகை கேரள அரசால் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் தமிழ்நாட்டிற்குரியவர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். தமிழ்த்திரை வரலாற்றிலோ அவருக்கு இடமில்லை; அவர் எடுத்தது மலையாளப்படம். அகத்தீசுவரத்தில் 1975ஆம் ஆண்டு அவர் காலமானார்.

திரைப்பட இதழாளர் சேலங்காட்டு கோபாலகிருஷ்ணனின் தொடர்ந்த எழுத்தால் டேனியலின் பணி வெளிச்சம் பெற்றது. 1992இல் கேரள அரசு அவர் பெயரில் வாழ்நாள் சாதனை விருதை ஏற்படுத்தியது. ரோசியின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டு வினு ஆபிரகாம் எழுதிய ‘நஷ்ட நாயிகா’ என்னும் புதினம் 2008இல் வெளிவந்தது. 2013இல் கமல் இயக்கிய ‘செல்லுலாய்டு’ டேனியல், ரோசி ஆகிய இருவரையும் மீண்டும் திரைக்குக் கொண்டுவந்தது. 2019இல் மலையாளத் திரைத்துறைப் பெண்களின் கூட்டமைப்பு ரோசியின் பெயரில் திரைப்படக் கழகம் ஒன்றைத் தொடங்கியது. டேனியலுக்கு விருது அமைந்ததற்கும் ரோசிக்குக் கழகம் அமைந்ததற்கும் இடையே இருபத்தேழு ஆண்டுகள் கழிந்துள்ளன. எல்லைக்கோட்டால் மறைக்கப்பட்டவரை விடச் சாதிக்கோட்டால் மறைக்கப்பட்டவர் நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன தெளிவாகின்றன.

(அ) மௌனப்படத்தின் மொழி அரங்கில் உருவானது. எழுத்துப் பலகையும் விளக்குநரின் குரலும் அதனை அளித்தன. ‘முதல் மலையாளப்படம்’ என்பதனை இப்பின்னணியில் வைத்தே பொருள்கொள்ள வேண்டும்.

(ஆ) ‘கொட்டகை’, ‘ஆட்டம்’, ‘களி’, ‘படம்’ முதலிய சொற்கள் தமிழ், மலையாள மக்கள் புதிய கலையை ஒரே முறையில் எதிர்கொண்டதைக் காட்டுகின்றன.

(இ) 1956க்குப் பிந்தைய மொழியெல்லையை அதற்கு முற்பட்ட கலைஞர்மீது ஏற்றியதால் ஒருவர் இரு மாநிலத்திற்கும் புறத்தவரானார். காக்காரிசி நாடகத்தின் கலப்புமொழி வழிவந்த நடிகை, சாதியின் காரணமாக ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குள் மறைய நேர்ந்தது.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை வட்டாரத்தில் முதியோர் நாவில் இன்னும் வழங்கும் படக்கொட்டகைச் சொற்களையும், விளக்குநர் பற்றிய நினைவுகளையும், காக்காரிசி நாடகத்தின் இருமொழி உரையாடல்களையும் ஒலிப்பதிவு செய்து தொகுத்தல் உடனடியாகச் செய்ய வேண்டிய பணி. எல்லையின் இருபுறத்து ஆய்வாளரும் இணைந்து செய்தாலன்றி இது நிறைவுபெறாது. ‘விகதகுமாரன்’ படச்சுருள் மீண்டு வரப்போவதில்லை. அதனைக் கண்டு பேசிய மக்களின் மொழியை மீட்க இன்னும் காலம் இருக்கிறது.